எபிட்டா 62 இலட்சம்: அண்ணாவின் ஐஸ் கம்பனியில் 40 இலட்சம் போடலாமா?

திருகோணமலை நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர், இரண்டு கணக்குத் தாள்களின் படங்களோடு நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். வயது 43. கட்டாரில் 11 வருடம் குளிரூட்டியும் குளிரறையும் பொருத்தும் வேலை செய்தவர். ஊர் திரும்பிப் பத்து மாதமாகிறது. கையில் 52 இலட்சம் ரூபா இருக்கிறது. பாடசாலை போகும் பிள்ளைகள் இருவர். பெரியம்மாவின் மகன் 2017 முதல் ஐஸ் தொழிற்சாலை ஒன்றைத் தனியார் கம்பனியாக நடத்துகிறார். கொட்பே துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் படகுகளுக்கும் மீன் லொறிகளுக்கும் அங்கிருந்துதான் கட்டி ஐஸ் போகிறது. "40 இலட்சம் போடு, 25 சதவீதப் பங்கும் பணிப்பாளர் பதவியும் தருகிறேன். வருடம் 62 இலட்சம் எபிட்டா. உன் காற்பங்கு பதினைந்தரை இலட்சம். மூன்று வருடத்துக்குள் முதல் கைக்கு வந்துவிடும்" என்று அண்ணா சொல்லியிருக்கிறார். வந்த காசில் 30 இலட்சத்தால் ஓவர்டிராப்ட்டை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலாக வங்கியிடம் எடுத்த காசை, அடைத்து, 10 இலட்சத்தில் கொம்பிரசரைத் திருத்துவது திட்டம். அதோடு வங்கிக் கடனை மறுசீரமைக்கும்போது வாசகரும் உத்தரவாதம் ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"புரள்வு, எபிட்டா, கூறப்பட்ட மூலதனம் என்று அண்ணாவும் கணக்காளரும் பேசும்போது தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன். விளக்கம் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார்களோ என்று பயம். லிமிட்டெட் கம்பனி என்பதால் என் பொறுப்பு 40 இலட்சத்தோடு நின்றுவிடும்தானே?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கேட்பது நம்பிக்கையீனம் அல்ல. பணிப்பாளராகக் கையெழுத்திட்ட பிறகு "எனக்குக் கணக்கு விளங்கவில்லை" என்று சொன்னால் சட்டம் அதை ஏற்காது. ஆகவே கேட்க வேண்டிய காலம் இதுதான். நீங்கள் அனுப்பிய இரு தாள்களையும் வைத்தே ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். எல்லாத் தொகையும் இலட்சம் ரூபாவில்.

எபிட்டாவிலிருந்து உங்கள் கைவரை

வருமானக் கூற்றின் முதல் வரி புரள்வு, 420. வருடம் முழுவதும் விற்ற ஐஸின் பெறுமதி அது. காசு வந்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. மின்சாரம், தண்ணீர், உப்பு, தொழிலாளர் கூலி என்று ஐஸ் உருவாக்க நேரடியாகப் போன செலவைக் கழித்தால் மொத்த இலாபம் 126. அலுவலகம், வாகனம், திருத்தவேலை போன்ற 64ஐக் கழித்தால் 62. இதுதான் அண்ணா சொல்லும் எபிட்டா. வட்டி, வரி, பெறுமானத் தேய்வு மூன்றையும் கழிக்காமல் நிற்கும் இலாபம் அது. இயந்திரம் எவ்வளவு உழைக்கிறது என்று ஒப்பிட வங்கியாளருக்கு அது உதவும். பங்குதாரருக்குப் பிரிக்கும் தொகை அது அல்ல.

பெறுமானத் தேய்வு 24ஐ "கணக்காளர் எழுதும் எண், கையிலிருந்து காசு போவதில்லை" என்று அண்ணா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குளிரூட்டல் வேலை தெரிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உப்புக் கரைசல் தொட்டிக்குள் நாள் முழுவதும் கிடக்கும் நாகமுலாம் பூசிய ஐஸ் தகரங்களை நினைத்துப் பாருங்கள். மூலை மடிப்பில் முதலில் துருப்பிடிக்கும், பிறகு ஊசிமுனைத் துளை, பிறகு கரைசல் உள்ளே கசிந்து கட்டி உப்புக் கரிக்கும். அன்றைக்குத் தகரத்தை மாற்றத்தான் வேண்டும். கொம்பிரசரின் பிஸ்டன் வளையமும் வால்வுத் தகடும் அப்படித்தான். காசு இந்த வருடம் போகாவிட்டாலும் ஒரு வருடம் மொத்தமாகப் போகும். உங்களிடம் கேட்கும் 40இல் 10 கொம்பிரசருக்கு என்பதே அதற்குச் சான்று: கடந்த வருடங்களின் தேய்வுக்கு ஒதுக்காத காசு இப்போது உங்களிடமிருந்து கேட்கப்படுகிறது.

ஆகவே 62இலிருந்து தேய்வு 24ஐயும் வட்டி 19ஐயும் கழியுங்கள். வரிக்கு முந்திய இலாபம் 19. கம்பனிகளுக்கான பொது வருமான வரி வீதம் 30 சதவீதம். வரிக்கான இலாபம் புத்தக இலாபத்திலிருந்து சற்று வேறுபடும், பருமட்டாக 5.7 என்று வைத்தால் மிஞ்சுவது 13.3. அதில் காற்பங்கு 3.3. பங்குலாபமாகக் கொடுத்தால் 15 சதவீத வரி பிடித்து 2.8 கைக்கு வரும். முழு இலாபத்தையும் ஒரு சதம் விடாமல் பிரித்தாலும் 40 இலட்சம் திரும்பிவர 14 வருடம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த 64க்குள் அண்ணாவின் சம்பளம் இருக்கிறதா? தாளில் எனக்குத் தெரியவில்லை. சொந்தக் கம்பனி நடத்துபவர்கள் பலர் சம்பளம் எழுதாமல் தேவைக்கு எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சேர்ந்த பிறகு அவர் மாதம் ஒன்றரை இலட்சம் சம்பளம் எடுக்கத் தொடங்கினால் வருடத்துக்கு 18. வரிக்கு முந்திய இலாபம் 1ஆகச் சுருங்கும். அவர் உழைப்புக்குச் சம்பளம் எடுப்பது நியாயம். ஆனால் அது எழுதப்படாத இலாபத்தைக் காட்டிப் பங்கின் விலையைச் சொல்வது நியாயமல்ல.

இலாபம் இருக்க ஓவர்டிராப்ட் ஏன் நிரம்பியிருக்கிறது

இலாபம் வேறு, காசு வேறு. உங்கள் தாள்களில் காசுப்பாய்ச்சல் கூற்று இல்லை. நாமே ஒன்று எழுதலாம். எபிட்டா 62. வட்டி 19, வரி 5.7 போக 37.3. தவணைக் கடனின் அசலுக்கு மாதம் 2 இலட்சமாக வருடத்துக்கு 24. இது செலவாக வருமானக் கூற்றில் வராது, காசாக மட்டும் போகும். மிச்சம் 13.3. இனி ஐந்தொகைக்கு, அதாவது கம்பனியின் சொத்தையும் கடனையும் காட்டும் தாளுக்கு, வாருங்கள். வருமதி, அதாவது கடனுக்கு ஐஸ் எடுத்தவர்கள் தர வேண்டியது, முந்திய வருடம் 52, இப்போது 78. கூடிய 26ம் விற்பனையாக எழுதப்பட்டு இலாபத்துக்குள் சேர்ந்துவிட்டது, காசாக வரவில்லை. 13.3இலிருந்து 26 போனால் 12.7 பற்றாக்குறை. ஓவர்டிராப்ட் ஒரே வருடத்தில் 17இலிருந்து 30க்கு ஏறியதன் காரணம் இதுதான்.

வருமதியைப் புரள்வால் வகுத்து 365ஆல் பெருக்கினால், விற்ற ஐஸுக்குக் காசு வர எத்தனை நாள் என்று தெரியும். புரள்வு 390ஆக இருந்த முந்திய வருடம் 49 நாள். இப்போது 68. ஐஸ் சில நாளில் கரைந்துவிடும். மின்கட்டணம் மாதம் தவறாமல் வரும். விலை மட்டும் 68 நாள் கழித்து வருகிறது. இந்த இடைவெளியைத் தாங்கும் காசுக்குத்தான் தொழிற்படு மூலதனம் என்று பெயர். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துச் சிறு படகுகள் கரையில் கிடக்கும் மாதங்களில் விற்பனை விழும்; வங்கித் தவணை விழாது. ஓவர்டிராப்ட் நிரம்பிய நிலையில் அந்த மாதங்களுக்குள் நுழைவதுதான் இந்தக் கம்பனிக்குள்ள உடனடி ஆபத்து.

உங்கள் 30ஐப் போட்டு அடைத்தால் ஓவர்டிராப்ட் வெறுமையாகும், கடன் கொடுக்கும் பழக்கம் மாறாது. வருமதி இதே வேகத்தில் ஏறினால் இரண்டு, இரண்டரை வருடத்தில் அது மறுபடி நிரம்பும். சம்மாட்டிமாருக்குக் கடன் கொடுக்காமல் இந்தத் தொழில் செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் போன பயணத்துக் கணக்கைத் தீர்க்காத படகுக்கு அடுத்த பயணத்து ஐஸ் இல்லை என்ற ஒரு விதியாவது வேண்டும்.

பங்குலாபத்துக்குச் சட்டம் வைக்கும் சோதனை

மாதாமாதம் இலாபத்தில் பங்கு வரும் என்று நினைக்கிறீர்கள். பங்குலாபம் சம்பளமும் அல்ல, வட்டியும் அல்ல. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி அது இலாபத்திலிருந்துதான் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்குமுன் கம்பனி கடனிறுக்கும் ஆற்றல் சோதனையில் தேற வேண்டும். சோதனைக்கு இரண்டு கால்: கடன்களை அவ்வப்போது உரிய நேரத்தில் கட்ட முடிய வேண்டும், சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்த தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கூறப்பட்ட மூலதனம் என்பது பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற மொத்தத் தொகை.

உங்கள் ஐந்தொகையில் போட்டுப் பார்ப்போம். சொத்துகள்: இயந்திரமும் கட்டடமும் 150, வருமதி 78, கையிருப்புச் சாமான் 6, காசு 2. மொத்தம் 236. பொறுப்புகள்: தவணைக் கடன் 110, ஓவர்டிராப்ட் 30, சென்மதி (கம்பனி மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது) 28, அண்ணா கம்பனிக்குக் கொடுத்த கடன் 25. மொத்தம் 193. கூறப்பட்ட மூலதனம் 30ஐச் சேர்த்தால் 223. 236 அதைவிட 13 கூட. தேறுகிறது போலத் தோன்றும். ஆனால் வருமதியில் 33 மூன்று மாதத்தைத் தாண்டியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி வராது என்று வைத்தால் 16.5 போய்ச் சொத்து 219.5. சோதனையில் கம்பனி தோற்கிறது.

நீங்கள் 40 போட்டால் தேறிவிடுமா? தேறாது. சொத்து 40ஆல் கூடும், கூறப்பட்ட மூலதனமும் அதே 40ஆல் கூடும். இடைவெளி அசையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சோதனையில் தோற்றுக்கொண்டு பங்குலாபம் கொடுத்தால், பெற்றவரிடமிருந்தும் அனுமதித்த பணிப்பாளரிடமிருந்தும் கம்பனி அதைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீங்கள் இரண்டுமாக இருப்பீர்கள்.

40க்கு 25 சதவீதம் என்ற விலை

முதலில் ஒரு கேள்வி: கம்பனி புதிய பங்கு வழங்குகிறதா, அல்லது அண்ணா தன் பங்கை உங்களுக்குக் கைமாற்றுகிறாரா? கைமாற்றமானால் 40ம் அண்ணாவின் கணக்குக்குப் போகும், ஓவர்டிராப்ட்டும் கொம்பிரசரும் அப்படியே இருக்கும். புதிய பங்கானால்தான் கம்பனிக்குக் காசு வரும். பங்கு வழங்கல் தீர்மானத்தையும் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்பும் படிவத்தையும் காசு கொடுக்குமுன் பாருங்கள். காசைக் கம்பனியின் வங்கிக் கணக்குக்கே போடுங்கள்.

புதிய பங்கு என்றே கொள்வோம். 40 கொடுத்து 25 சதவீதம் என்றால், உங்கள் காசு சேர்ந்த பிறகு கம்பனி 160 பெறுமதி, சேருமுன் 120 என்று நீங்கள் ஏற்கிறீர்கள். ஐந்தொகைப்படி பொறுப்பு போன பெறுமதி 43தான். அந்தக் கணக்கில் 40க்கு 48 சதவீதம் வர வேண்டும். ஓடும் தொழிலுக்குப் புத்தகப் பெறுமதியைவிடக் கூடுதல் விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரி போக 13.3 தேறும், பருவம் பார்த்து ஓடும், ஒருவரையே நம்பியிருக்கும் கம்பனிக்கு 120 என்பது ஒன்பது வருட இலாபம். என் பார்வையில் அது அதிகம்.

காணி அண்ணியின் பெயரில் என்கிறீர்கள். ஐந்தொகையில் கட்டடம் கம்பனியின் சொத்தாக நிற்கிறது, நிலம் வேறொருவருடையது. நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த குத்தகை உறுதி இருக்கிறதா, இன்னும் எத்தனை வருடம் என்று பாருங்கள். வாய்ச் சொல்லில் இருந்தால் கட்டடத்தின் பெறுமதியை உங்கள் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

25 என்ற எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமைப்பு விதிகளை மாற்றவும், கம்பனியின் சொத்தில் பாதிக்கு மேல் விற்கவும் விசேட தீர்மானம் வேண்டும். அதற்கு 75 சதவீத வாக்குப் போதும். உங்களிடம் 25 இருந்தால் மற்றவரிடம் சரியாக 75 இருக்கும், உங்களைக் கேளாமலே நிறைவேற்றலாம். 26 இருந்தால் முடியாது. பணிப்பாளரை நீக்குவதற்கோ சாதாரண தீர்மானமே, அதாவது பாதிக்கு மேற்பட்ட வாக்கே, போதும். அதாவது அமைப்பு விதிகளில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் உங்கள் பதவி அண்ணாவின் விருப்பத்தில் நிற்கும். 5 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் பெரும்பான்மைப் பங்குதாரரின் அடக்குமுறைக்கு எதிராக நீதிமன்றம் போகலாம் என்பது உரிமைதான். கம்பனி வழக்கு என்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். செலவும் காலமும் போக, குடும்பமும் உடையும். முன்கூட்டியே பங்குதாரர் உடன்படிக்கை எழுதுவது அதைவிட எவ்வளவோ மலிவு.

வங்கியில் நீட்டப்படும் தாள்

லிமிட்டெட் கம்பனியில் பங்குதாரரின் பொறுப்பு பங்குக் காசோடு நிற்கும் என்பது சரி. உத்தரவாதத்தில் கையெழுத்திட்ட கணத்தில் நீங்கள் பங்குதாரராக மட்டும் இருப்பதில்லை, பிணையாளரும் ஆகிறீர்கள். அந்தத் தாளில் மூன்று இடங்களைத் தேடுங்கள். "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்றிருந்தால் வங்கி 110 முழுவதையும் உங்களிடம் மட்டுமே கேட்கலாம். காற்பங்கு என்ற கணக்கு அங்கே இல்லை. "தொடர் உத்தரவாதம்" என்றிருந்தால் நாளை எடுக்கும் கடனுக்கும் அது நீளும், நீங்கள் பங்கை விற்று வெளியேறிய பிறகும் எழுத்தில் விடுவிக்கும்வரை நீளும். முதலில் கடனாளியிடம் வசூலிக்க வேண்டும், பிணையாளர்களிடையே பிரித்துக் கேட்க வேண்டும் என்ற உரிமைகளைக் "கைவிடுகிறேன்" என்ற வரியும் வழமையாக இருக்கும். அது இருந்தால் இயந்திரத்தை ஏலம் விடுமுன்பே உங்களிடம் வரலாம். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் உங்கள் பெயரில் இது நிற்கும். பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்கும்போது தெரியும். வீட்டை ஈடு வைக்கச் சொன்னால் ஒருபோதும் ஒப்ப வேண்டாம். ஈடு வைத்த சொத்தை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வழக்கின்றியே ஏலம் விட 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்கு வழி கொடுக்கிறது.

பணிப்பாளர் பதவியும் வெறும் கௌரவம் அல்ல. ஊழியர் ஒன்பது பேருக்கு ஏழு மாதச் சேமலாப நிதி கட்டவில்லை என்று கணக்குப்பிள்ளை சொன்னதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி. ஊழியரின் 8, தொழில்வழங்குநரின் 12, ஊழியர் நம்பிக்கை நிதி 3 என்று சம்பளத்தில் 23 சதவீதம் அது. அந்த 8 தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஏற்கெனவே பிடித்த காசு. தாமதம் ஏற ஏற மிகைக் கட்டணமும் ஏறும், பணிப்பாளர்மீதும் நடவடிக்கை வரலாம். அது தீராமல் அந்தப் பெயர்ப் பட்டியலில் சேராதீர்கள்.

என்ன செய்யலாம்

அண்ணா உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று இந்தத் தாள்களிலிருந்து நான் சொல்லமாட்டேன். விற்பனையைப் பார்த்துத் தொழில் நடத்தும் பலரைப் போல அவரும் காசைப் பார்க்கத் தவறியிருக்கிறார். ஆனால் சொன்ன நிபந்தனைகளில் 40 போட வேண்டாம்.

என் ஆலோசனை: 15 இலட்சத்துக்கு மேற்படாமல், பங்காக அல்ல, கம்பனிக்குக் கடனாகக் கொடுங்கள். வட்டி வீதம், தவணை, ஒரு வருடத்தின் பின் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை, அதற்கான விலை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடனுக்கான வட்டி, பங்குலாபம்போல அந்தச் சோதனையில் தங்கியிருப்பதில்லை. கம்பனி மூடினால் வங்கிக்குப் பின்னால் நிற்பீர்கள்; ஆயினும் பங்குதாரருக்கு முன்னால். கொம்பிரசர் திருத்தும் காசை உதிரிப்பாகம் விற்பவருக்கே நேரடியாகக் கட்டுங்கள். வேலையை நீங்களே மேற்பார்வை செய்யலாம். உங்கள் கைத்தொழில் இந்தக் கம்பனிக்குப் பணத்தைவிடப் பெறுமதி. சேமலாப நிதியோடு கூடிய சம்பளத்தில் தொழில்நுட்பப் பொறுப்பாளராகச் சேருங்கள். உள்ளிருந்து பார்த்தால் ஆறு மாதத்தில் எந்தத் தாளும் சொல்லாததை அறிவீர்கள். அண்ணாவின் 25 இலட்சம் கடன் உங்களுடையதற்கு முன் திருப்பிக் கட்டப்படாது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கதவால் வரும் உங்கள் காசு மறு கதவால் அவருக்குப் போகலாம்.

பங்காக மாற்றுமுன் நடந்திருக்க வேண்டியவை: வருமதி 50 நாளுக்குள் வருதல், சேமலாப நிதி நிலுவை தீர்தல், குத்தகை உறுதி பதிதல், அண்ணாவின் சம்பளம் கணக்கில் ஏறுதல், பங்கு 26 சதவீதமாதல். உத்தரவாதம் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். வங்கி விடாப்பிடியாக நின்றால் தொகையும் முடிவுத் திகதியும் குறித்த மட்டுப்படுத்திய உத்தரவாதத்தைப் பற்றி மட்டும், உங்கள் சொந்தச் சட்டத்தரணியோடு போய்ப் பேசுங்கள். கம்பனியின் சட்டத்தரணி போதாது.

இப்போதே கேட்க வேண்டிய தாள்கள் இவை:

- மூன்று வருடக் கணக்காய்வு செய்த நிதிக் கூற்றுகள், 12 மாத வங்கிக் கூற்று
- வருமதிப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை நாள் என்பதோடு
- கம்பனிப் பதிவாளர் திணைக்களத்திலுள்ள அமைப்பு விதிகள், பணிப்பாளர் விபரம், பதிந்த ஈடுகள்
- 24 மாத மின்பட்டியலும் அதே மாதங்களின் ஐஸ் கட்டி எண்ணிக்கையும்

கடைசித் தாளை நீங்களே சரிபார்க்கலாம். மாத மின் அலகைக் கட்டி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கட்டிக்கான அலகு, வெப்பத்துக்கேற்பச் சற்று ஏறி இறங்கினாலும், ஏறத்தாழ ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒரு மாதம் அது திடீரென்று குறைந்தால் விற்காத ஐஸ் விற்றதாக எழுதப்பட்டிருக்கலாம். படிப்படியாக ஏறினால் கொம்பிரசர் களைத்துவிட்டது. 10 இலட்சம் போதுமா என்று அந்த எண்ணே உங்களுக்குச் சொல்லும்.

வங்கியில் கையெழுத்துக்கு அடுத்த மாதம் 5 ஆம் திகதி குறித்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இவை அனைத்தும் கைக்கு வராது. இன்றைக்கே அண்ணாவிடம் போய், கடன் மறுசீரமைப்புக்குக் கம்பனி உங்கள் பெயரில்லாமலே விண்ணப்பிக்கட்டும், தாள்களைப் பார்த்த பிறகு உங்கள் முடிவைச் சொல்கிறேன் என்று நேரில் சொல்லிவிடுங்கள்.